நானூறு மில்லி நீர்

நீலாவதிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று விருத்தாசலத்தில் சொல்பவர்கள் அவளைச் சரியாகத் தெரியாதவர்கள். மூக்கு நுனியில் மட்டும் இருந்திருந்தால் எப்போதாவது துடைத்துப் போட்டிருக்கலாம். அவளுக்கு அது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இருந்தது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ராஜமாணிக்கம் நடத்திய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 1987 முதல் அவள்தான் டெக்னீஷியன். ராஜமாணிக்கம் முதலாளி. மைக்ராஸ்கோப்பின் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது.

படியேறி வருகிறவர்களுக்கு ரசீதுக்கு முன்னால் திட்டுதான் கிடைக்கும். வெறும் வயிற்றோடு வா என்றால் இரண்டே இரண்டு இட்லி சாப்பிட்டேன் என்பார்கள். பாட்டில் கொடுத்தனுப்பினாலும் அதை வீட்டில் வேறு எதற்கோ வைத்துக்கொண்டு சிறுநீரை ஊறுகாய் ஜாடியில் கொண்டுவருவார்கள். பீங்கான் ஊர் அல்லவா, விலைபோகாத ஜாடி வீட்டுக்கு நாலு கிடக்கும். எத்தனை முறை கழுவினாலும் அதில் ஏறிய உப்பு போகாது. "இதுல உப்பு எவ்ளோ இருக்குதுன்னு நான் உங்க எலுமிச்சங்காயத்தான் கேக்கணும்" என்று அவள் கத்துவது கீழே மருந்துக் கடைவரை கேட்கும். கடைக்காரர் சிரித்துக்கொள்வார்.

அவளுடைய அப்பா தொழிற்பேட்டையில் மண் அரைக்கும் வேலையில் இருந்தார். பதினேழு வயதில் அவளையும் அங்கே ஒரு யூனிட்டில் சேர்த்துவிட்டார். சூளையிலிருந்து வரும் பீங்கான் பியூஸ் கட்டைகளைப் பொறுக்கிப் பிரிக்கிற வேலை. வெளிச்சத்தில் காட்டிப் பார்க்க வேண்டும், நகத்தால் சுண்டிக் கேட்க வேண்டும். கறையா, கீறலா, கோணலா, கழிச்சுப் போடு. எதுவும் இல்லையா, நல்ல குவியலில் போடு. அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்க்க மற்ற பெண்கள் வேலையை நிறுத்துவார்கள். மூன்றாம் வருஷம் சூப்பர்வைசர் அவள் கழித்துப் போட்டதையெல்லாம் நல்ல பெட்டியில் சேர்த்து லாரி ஏற்றுவதைப் பார்த்துவிட்டாள். பெட்டியை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். அன்றோடு வேலை போயிற்று. சிதம்பரத்துக்குப் போய் ஒரு வருஷம் லேப் படிப்புப் படித்துவிட்டு வந்தாள். என் கையைத் தாண்டிக் கெட்டது எதுவும் போகாது என்பது அவளுடைய பெருமை. அந்தப் பெருமைதான் ஒருநாள் அவள் கண்ணைக் கட்டியது.

1991 மே மாதம். சேலம் ரோட்டில் டாக்டர் பிரேம்நாத் ஒரு சின்ன நர்சிங் ஹோம் வைத்திருந்தார். கெட்டிக்கார டாக்டர்தான். ஆனால் வாசலில் எப்போதும் நூறு பேர் உட்கார்ந்திருக்கிற டாக்டர், யாரோடும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச மாட்டார். அங்கிருந்து ஆள் வந்து, அவசரம், ரத்தம் எடுக்க வேண்டும் என்று நீலாவதியைக் கூட்டிக்கொண்டு போனார்.

கட்டிலில் கிடந்தவள் பெயர் திரௌபதி. முப்பத்து மூன்று வயது. பொம்மைகளுக்குப் பளபளப்புக் கலவை பூசுகிற யூனிட்டில் வேலை பார்த்தவள். பார்த்தவள் என்றுதான் சொல்ல வேண்டும், கை மெதுவாக ஓடுகிறது என்று மூன்று மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். முகம் ஊதியிருந்தது. மூச்சு வாங்கியது. அக்கினி நட்சத்திர வெயிலில் கழுத்துவரை போர்வையை இழுத்து மூடியிருந்தாள்.

"கைய நீட்டும்மா" என்றாள் நீலாவதி.

திரௌபதி அவளைப் பார்த்தாள். கேட்டது உள்ளே போய்ச் சேர்வதற்கே நேரம் பிடித்தது போலிருந்தது. பிறகு போர்வைக்குள்ளிருந்து கை மெல்ல வெளியே வந்தது.

"குளுருதுங்க" என்றாள். குரல் கட்டிப்போய் ஆண்குரல் போலிருந்தது.

"கை நீட்டக்கூடவா சோம்பல்? எனக்கு இன்னும் பத்து வூடு போவணும்."

தலைமாட்டில் நின்ற புருஷன் கலியமூர்த்தி சிரித்தான். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். "அப்படிக் கேளுங்கக்கா. ரெண்டு வருஷமா நானும் இதத்தான் கேக்குறேன். ஒக்காந்தா ஒக்காந்த எடம், படுத்தா படுத்த எடம்" என்றான்.

எக்ஸ்ரேயில் இதயம் தண்ணீர்க்குடம் மாதிரி இரண்டு பக்கமும் அகன்று தெரிந்தது. டாக்டர் நெஞ்செலும்புக்குக் கீழே நீள ஊசியைச் செலுத்தி இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. நானூறு மில்லி. வைக்கோல் நிறத்தில், அடியில் வைத்த எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவான நீர். எடுத்து முடித்ததும் திரௌபதி பல நாள் கழித்து ஒரு முழு மூச்சு விட்டாள்.

"டி.பி.யான்னு பாத்துச் சொல்லு, நீலாவதி" என்றார் டாக்டர். "இந்த ஊர்ல வேற என்னா இருக்கப்போவுது."

அது அவருடைய தப்பு மட்டுமில்லை. மண் தூசியிலேயே பிழைக்கிற ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் ஒன்று தூசி, இல்லாவிட்டால் டி.பி. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

நீலாவதி அந்த நீரை முறைப்படிதான் பார்த்தாள். நிறம், தெளிவு எழுதினாள். கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு அணுக்களை எண்ணினாள், விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருந்தன. கொஞ்சம் நீரைச் சுழற்றி அடியில் படிந்ததைச் சாயம் ஏற்றி, டி.பி. கிருமி இருக்கிறதா என்று நூறு இடத்தில் தேடினாள். ஒன்றுமில்லை. சர்க்கரை சரியாக இருந்தது. புரதம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் எவ்வளவு இருந்தால் கூடுதல் என்று சொல்ல ஃபாரத்தில் இடமில்லை. அது சிறுநீருக்கும் சளிக்கும் அச்சடித்த ஃபாரம். இதயத்தைச் சுற்றிய நீர் அந்த லேபுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

கடைசியில் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கறை இல்லை, கலங்கல் இல்லை, திப்பி இல்லை. பொறுக்குகிற ஷெட்டில் மூன்று வருஷம் பழகிய கண் அது. பார்க்கச் சுத்தமாக இருந்தால் நல்ல குவியல். ராஜமாணிக்கம் செய்து வைத்திருந்த ரப்பர் ஸ்டாம்பு மேஜையிலேயே இருந்தது. படித்தவர்களோ படிக்காதவர்களோ, வருகிறவர்கள் கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான் என்று அவர் அதை இங்கிலீஷில் பெரிய எழுத்தில் செய்திருந்தார். நீலாவதி எண்களையெல்லாம் எழுதி, கீழே ஓங்கி ஒரு குத்து குத்தினாள். நார்மல்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். டி.பி. இல்லை, ஏதோ வைரஸாக இருந்திருக்கும், வடித்தாயிற்று, ஒரு மாதம் கழித்து வரட்டும் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நாலாம் நாள் கலியமூர்த்தி லேபுக்கு வந்தான். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"அக்கா, அந்த ரிப்போர்ட் இன்னும் ரெண்டு காப்பி வேணும். சீலு போட்டு."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு பெண்ணாடத்துல அவ அண்ணன் காத்தவராயன்கிட்ட குடுக்கணும். ஒண்ணு எங்க சொந்தக்காரங்ககிட்ட. ஞாயித்துக்கெழம பேச ஒக்காருறோம். அவள அங்க கொண்டுபோய் உட்டாச்சு. ஒடம்பு சரியில்ல, ஒடம்பு சரியில்லன்னு ரெண்டு வருஷமா ஏமாத்துனா. இப்பத்தான் நீங்களே ஒண்ணுமில்லன்னு சீலு குத்திட்டீங்களே. தீத்து வுட்டுட்டு அக்கா மவளக் கட்டிக்கப் போறேன்."

நீலாவதிக்குக் காது ரெண்டும் சூடேறியது. "நெஞ்சுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தத நீயும்தான பாத்த? நாலு நாள்ல பொண்டாட்டியத் தீத்து வுடுறதுக்கு என் பேப்பரா கெடச்சுது?"

"நான் என்னாத்தக் கண்டேன்? நீங்கதான எழுதுனது" என்றான் அவன். அதில் ஏளனம் எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

காப்பியும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று அவனைப் படியிறக்கினாள். ஆனால் அவன் சொன்னது இறங்கிப் போகவில்லை. நீங்கதான எழுதுனது. அலமாரியில் சிதம்பரத்தில் வாங்கிய தடிப் புத்தகம் தூசி படிந்து கிடந்தது. எடுத்துப் புரட்டினாள். இதயம் ஒரு பைக்குள் இருக்கிறது, துடிக்கும்போது உரசாமல் இருக்கப் பைக்குள் கொஞ்சம் நீர் இருக்கும் என்று போட்டிருந்தது. தெளிவாக, இளமஞ்சளாக இருக்குமாம். அளவு, பதினைந்திலிருந்து ஐம்பது மில்லி.

நாலைந்து தேக்கரண்டி. அவ்வளவுதான். அதுவும் இதயத்தைச் சுற்றி மெல்லிசாகப் பரவிக் கிடப்பது, ஊசிக்குச் சிக்கவே சிக்காது. நல்லபடியாக இருக்கிற இதயத்தின் நீர் எந்த லேபுக்கும் வராது. குழாயில் வந்து நின்றாலே அது கோளாறுதான். நானூறு மில்லியைக் கையில் வைத்துக்கொண்டு நார்மல் என்று குத்தியிருக்கிறாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைச் சுவரில் அடித்தாள்.

மிச்ச நீரை ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைத்திருப்பது அவளுடைய வழக்கம். குழாயை வெளியே எடுத்தாள். நாலு நாள் அசையாமல் இருந்ததில் அடியில் ஏதோ படிந்திருந்தது. ஆட்டியபோது மினுமினுத்தது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கண்ணாடித் தகடுகள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்த சதுரத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மூலை உடைந்திருந்தது. தொழிற்பேட்டைப் பின்பக்கம் கொட்டிக் கிடக்கும் கழிவு ஓடு அப்படியே சின்னதாகி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கொழுப்புப் படிகம். ரத்த மாதிரி மிச்சம் இருந்ததில் கொழுப்பைப் பார்த்தாள், இருநூறுக்குள் இருக்க வேண்டியது முந்நூற்று எண்பது காட்டியது.

ஸ்லைடை ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு சேலம் ரோட்டுக்கு நடந்தாள். நூறு பேரைத் தாண்டி நேராக உள்ளே போனாள்.

"என்னா இது, டோக்கன் இல்லாம?" என்றார் டாக்டர்.

"இதப் பாருங்க சார். பாத்துட்டு என்னத் திட்டுங்க."

அவர் பார்த்தார். கண்ணை எடுக்காமல் ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ரத்தக் கொழுப்பு எவ்வளவு என்று கேட்டார். சொன்னாள். "முகம் ஊதி இருந்துச்சு. கொரல் கட்டி இருந்துச்சு" என்று தனக்குத்தானே சொன்னவர், "குளுருதுன்னு எதாவது சொன்னாளா?" என்றார்.

"மே மாசத்துல போர்வ போத்திக்கிட்டு கெடந்தாளே சார்!"

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கல. என்கிட்ட சொன்னா. நான் கேட்டுக்கல."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் நின்றுபோனால் உடம்பே மெதுவாகிவிடும், கையும் பேச்சும் புத்தியும் மந்தமாகும், குளிரும், தூக்கம் தூக்கமாக வரும், கடைசியில் இதயத்தைச் சுற்றி நீர் கட்டும் என்றார். மாத்திரை இருக்கிறது, தினம் ஒன்று, போட்டால் எழுந்து நடப்பாள். போடாவிட்டால் வடித்த நீர் மறுபடி ஊறும், இந்த முறை இதயத்தை அமுக்கியே கொன்றுவிடும். "ரத்தம் எடுத்து பாண்டிச்சேரிக்கு அனுப்பணும். அவ எங்க இப்ப?"

"பெண்ணாடத்துல. நான் சீலு குத்துன பேப்பர வச்சுத்தான் அனுப்பி இருக்காங்க."

லேபுக்குத் திரும்பி ராஜமாணிக்கத்திடம் சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகப் பேசினார்.

"புதுசா ரத்தம் எடு, புதுசா ரிப்போர்ட் குடு. யாரு வேணாங்குறா? ஆனா பழசத் தப்புன்னு நாலு பேரு முன்னாடி நாமளே சொல்லக் கூடாது. சொன்னா நாளைக்கு எவன் இந்தப் படி ஏறுவான்?"

"பழச வச்சுத்தான் சார் ஞாயித்துக்கெழம தீத்து வுடப்போறாங்க. அப்புறம் அவள எவன் டாக்டர்கிட்ட கூட்டியாருவான்?"

"அது அவங்க குடும்ப விஷயம். நீ அங்க போனன்னா திரும்பி இங்க வராத."

நாலு வருஷம் அந்த மேஜையை அவள்தான் துடைத்திருக்கிறாள். சாவியை அதன்மேல் வைத்தாள். கண்ணாடி ஊசியை எடுத்துக் கொதிக்க வைத்தாள். "இந்த ஊசி என்னோடது. சிதம்பரத்துல என் காசுல வாங்குனது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பெண்ணாடம் போய்ச் சேர்ந்தாள். காத்தவராயன் வீட்டு வாசலில் பாய் விரித்து இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் திரௌபதி போர்வையோடு சாய்ந்திருந்தாள். தன் வாழ்க்கையை நிறுத்துப் பார்க்கிற இடத்தில் அவள் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். தலை சாயும், திடுக்கென்று நிமிரும், மறுபடி சாயும். "பாத்தீங்களா, இப்பக்கூட" என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணன்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நீலாவதிக்குச் செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது.

கலியமூர்த்தியின் கையில் ரிப்போர்ட் பளபளவென்று இருந்தது. காப்பி கிடைக்காத பயத்தில் கசங்காமல் இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டு வைத்திருந்தான். நீலாவதி அதைப் பிடுங்கினாள். பேனாவை எடுத்து அந்த நீல முத்திரையின்மேல் குறுக்கே இழுத்தாள். பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது. கிழிக்கப் பார்த்தாள், கிழியவும் இல்லை. தான் குத்தியதைத் தன்னாலேயே அழிக்க முடியவில்லை என்றதும் அவளுக்கு அழுகை வந்தது. கோபக்காரர்களுக்கு அழுகை வந்தால் அதுவும் கத்தலாகத்தான் வெளியே வரும்.

"இது தப்பு. இத எழுதுனவ நான். நான்தான் தப்பா எழுதுனேன்."

கூட்டம் சலசலத்தது. ஒரு பெரியவர், "தண்ணி சுத்தமா இருந்துதுன்னு அதுல போட்டிருக்குதாமே" என்றார்.

"சுத்தமாத்தான் இருந்துச்சு. வெள்ளாத்துல வெள்ளம் வந்து உங்க வூட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்குது. தண்ணி தெளிவா இருக்குது. அதுக்காவ வூடு நல்லா இருக்குதுன்னு சொல்லுவீங்களா? நெஞ்சுக்குள்ள நாலு ஸ்பூனு இருக்க வேண்டிய எடத்துல நானூறு மில்லி இருந்துது. அது எவ்ளோ தெளிவா இருந்தா என்னா?"

பெரியவர் தலையாட்டினார். வெள்ளாற்று வெள்ளம் அவர் வீட்டுக்குள் வந்துபோனதுதான்.

கலியமூர்த்தி எழுந்தான். "அன்னிக்கு ஒண்ணு எழுதுனீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. எத நம்புறது?"

நியாயமான கேள்வி. அவன் கேட்டான் என்பதற்காக அது நியாயமில்லாமல் போய்விடாது. "என்ன நம்ப வேணாம்" என்றாள் நீலாவதி. "இப்ப ரத்தம் எடுக்குறேன். பாண்டிச்சேரியில பாத்துச் சொல்லட்டும். அது வர வரைக்கும் இந்தப் பேச்ச எவனும் எடுக்கக் கூடாது. எடுத்தா, இவ நெஞ்சுல மறுபடியும் தண்ணி ஊறி செத்துப்போனா, இங்க சிரிச்சவங்க பேரு ஒவ்வொண்ணையும் போலீசுல சொல்லுவேன்."

போலீசில் சொல்லி ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பேச்சு அன்றைக்கு நின்றது. அவள் திரௌபதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைக் கேட்டாள். கை வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் பாண்டிச்சேரியிலிருந்து தாள் வந்தது. சுரப்பி வேலை செய்வதே இல்லை என்று அதில் இருந்த எண் சொன்னது. மாத்திரை ஆரம்பித்தார்கள், முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முழுசு. டாக்டர் பிரேம்நாத் நர்சிங் ஹோமில் மருந்து வைக்கும் அறையைக் காலி செய்து நீலாவதிக்கு லேபாகக் கொடுத்தார். வருத்தப்படுகிறேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அதன்பிறகு நோயாளிகளிடம் மூன்று நிமிஷம் பேசினார், அவரால் முடிந்தது அது.

அடுத்த எக்ஸ்ரேக்களில் இதயம் மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. கலியமூர்த்தி பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமல் பெண்ணாடம் போய் அவளைக் கூட்டிவந்துவிட்டான். அக்கா மகள் பேச்சையே காணோம். திரௌபதியும் வந்துவிட்டாள், மகள் கவிப்ரியாவின் பள்ளிக்கூடம் இங்கே இருந்ததால். எப்படி வந்தாள், எந்த முகத்தோடு அவன் கூப்பிட்டான் என்று நீலாவதிக்கு அதிலும் ஆத்திரம்தான். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு பகலில் லேப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒடிசலான முகம், எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய முடி. திரௌபதி என்று தெரிய நீலாவதிக்கு ஒரு நிமிஷம் ஆனது. ஏழெட்டுப் பேர் ரத்தம் கொடுக்கக் காத்திருந்தார்கள்.

"நல்லா இருக்கியாம்மா? வா, ஒக்காரு" என்றாள் நீலாவதி சிரித்துக்கொண்டே. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

"ஒக்கார வரல" என்றாள் திரௌபதி. குரல் மணி மாதிரி வந்தது. "எல்லாரும் ஒன்னத்தான் கும்புடச் சொல்றாங்க. உசுரக் குடுத்த மகராசியாம். எனக்குக் கும்புட மனசு வரல. மாத்திர போட்டதுலேருந்து எனக்கு எல்லாமே ஞாவகம் வருது. தூங்கிக்கினு கெடந்தப்ப காதுல வுழுந்தது ஒவ்வொண்ணும் வருது."

"என்னா சொல்ற?"

"ஆஸ்பத்திரிலேருந்து வூட்டுக்குப் போன அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு பேப்பர என் பொண்ணுகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னாரு. இங்கிலீசு ஸ்கூலு, அஞ்சாவது போறா. எழுத்துக் கூட்டிப் படிச்சா. படிச்சுட்டு என்னப் பாத்து, அம்மா, ஒனக்கு ஒண்ணுமே இல்லன்னு போட்டிருக்குது, ஏன்மா பொய் சொல்ற, எந்திரிச்சு சோறாக்குன்னா. அன்னிக்கு சாயந்தரம் அப்பங்கூட சேந்து, சோம்பேறின்னு எனக்குப் பாட்டுக் கட்டிப் பாடுனா. நான் படுத்துக்கினு கேட்டுக்கினே இருந்தேன், வாயத் தொறக்க முடியல." திரௌபதிக்கு மூச்சு வாங்கியது, இந்த முறை ஆத்திரத்தில். "பெண்ணாடத்துல எங்க ஆளுங்ககிட்ட தப்பா எழுதிட்டேன்னு சொன்ன. சரி. டாக்டரு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னாரு. சரி. அந்தப் புள்ளகிட்ட எவன் சொன்னான்? நல்லாத்தான இருக்க, அப்பவும் நல்லாத்தான இருந்தன்னு நேத்திக்கும் கேக்குறா. அச்சடிச்சு சீலு போட்டதுதான் அவளுக்கு நெசம். அம்மா வாயில வரது அவளுக்கு என்னா?"

காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீலாவதி கையுறையைக் கழற்றிப் போட்டாள்.

"புள்ள எங்க இருக்குது இப்ப?"

"சாப்பாட்டு மணி. வூட்டுலதான்."

"அரை மணி நேரம் இருங்க" என்று காத்திருந்தவர்களிடம் சொல்லிவிட்டு நீலாவதி அவளோடு நடந்தாள். ஆலடி ரோட்டில் இருந்தது வீடு.

கவிப்ரியா தட்டின் முன்னால் உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரட்டைச் சடை, ரிப்பன். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தாள். நீலாவதி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, மே மாசம் நீ ஒரு பேப்பர் படிச்சியே, உங்கம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னு. அத எழுதுனது நான். அது தப்பு. உங்கம்மாவுக்கு நெசமாவே ரொம்ப ஒடம்பு சரியில்லாம இருந்துது, எந்திரிக்க முடியாத அளவுக்கு. உங்கம்மா பொய்யே சொல்லல. நான்தான் சரியாப் பாக்காம எழுதிட்டேன்."

பெண்ணின் கை சோற்றிலேயே நின்றது. அவள் நீலாவதியைப் பார்த்தாள், பிறகு கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். கண் நிரம்பிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் பாடுனது?" என்றாள்.

ஸ்கூல் மணி அடிக்கிறவரை அந்தச் சோறு அப்படியே இருந்தது.